பால்கனியில் ஒரு சிலிண்டர்

ஜெர்மனியில் காஸ் வாங்க ரேஷன் கார்டு தேவையில்லை. பற்றவைக்கத்தான் ஊர் சம்மதம் வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் இந்தியர்கள் பிரஷர் குக்கரை மறப்பதில்லை. இட்லித் தட்டு, அஞ்சறைப் பெட்டி, துணியில் சுற்றிய தோசைக்கல் எல்லாம் பெட்டியில் ஏறிவிடுகின்றன. இவற்றை எந்த நெருப்பின் மேல் வைக்கப்போகிறோம் என்பது மட்டும் போய் இறங்கிய பிறகுதான் யோசனைக்கு வருகிறது.

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குப் போன அந்தத் தமிழ்க் குடும்பமும் அப்படித்தான். இரண்டும் 1968லிருந்து சகோதர நகரங்கள். உறவு காகிதத்தில் பலமாகவே இருக்கிறது. சமையலறை வரை வரவில்லை. கணவர் கார் கம்பெனியில் பொறியாளர். மனைவி மாட்டுங்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு பையன். மூன்றாவது மாடியில் மூன்று அறை வீடு. அந்த வீடு கிடைக்கவே ஏழு மாதம் பிடித்தது. பதினோரு இடத்தில் 'மன்னிக்கவும்' என்று பதில் வந்திருந்தது. ஸ்டுட்கார்ட்டில் வாடகை வீடு தேடியவர்களுக்கு இது புதுக் கதையாக இருக்காது.

ஜெர்மனியில் பெரும்பாலான வீடுகளைப் போல அந்த வீட்டிலும் மின்சார அடுப்புதான். கண்ணாடிப் பலகைக்குக் கீழே வட்டமாகச் சிவக்கும். சூடு ஏற நேரம், இறங்க அதைவிட நேரம். கடுகு வெடித்ததும் தீயைத் தணிக்க வேண்டுமென்றால் வாணலியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சி உண்டு. ஆனால் அது புகையை வெளியே தள்ளுவதில்லை; கரி வடிகட்டி வழியாக உறிஞ்சி, அதே அறைக்குள் திருப்பி அனுப்புகிறது. சமையலறையும் கூடமும் ஒரே அறை. தாளித்த வாசனை சோபாவில் ஏறி, குளிர்கோட்டில் இறங்கி, மறுநாள் பையனோடு பள்ளிக்கூடம் போகும். வகுப்பில் ஒருவன் மூக்கைப் பொத்திக் காட்டியதைப் பையன் வீட்டில் சொல்லவில்லை. தன் கோட்டை மட்டும் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கினான். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் வறுப்பதும் பொரிப்பதும் நின்றன. அப்பளம் மைக்ரோவேவில் சுடப்பட்டது. கட்டிப் பெருங்காயம் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் ஒன்றினுள் ஒன்றாகப் போய் ஒளிந்துகொண்டது. இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு மாட்டுங்காவிலிருந்து மாமியார் வந்தார்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று மாத விசா. அதற்குள் தீபாவளி. மின்சார அடுப்பை ஒரு வாரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இதுல பட்சணம் பண்ண முடியாதுடி. எண்ணெய் காயறதா இல்லையான்னே தெரியலை. காஸ் வாங்கிண்டு வரச் சொல்லு."

காஸ் விஷயத்தில் அவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. பம்ப் ஸ்டவ்வில் கல்யாண வாழ்க்கையைத் தொடங்கியவர். மும்பையில் ஐம்பதுகளின் நடுவிலேயே பர்மா ஷெல் கம்பெனி காஸ் விற்கத் தொடங்கிவிட்டது. 1965ல் கல்கத்தாவில் இண்டேன் வந்தது. ஆனால் சாதாரணக் குடும்பங்களுக்கு அது வெகுகாலம் எட்டாத பொருளாகத்தான் இருந்தது. எண்பதுகளிலும் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். எம்.பி.க்களின் கோட்டாவில் கூப்பன் கிடைக்குமா என்று டில்லி வரை ஆள் தேடினார்கள். ஊர் மாற்றலானால் சிலிண்டரை ஒப்படைத்துவிட்டு அந்த வவுச்சரைக் கல்யாணப் பத்திரிகையைவிடப் பத்திரமாக எடுத்துப்போனார்கள். காஸ் இணைப்பு என்பது இந்தியாவில் அடுப்பு சமாசாரம் மட்டுமில்லை. இந்த முகவரியில் இப்படியொரு குடும்பம் இருக்கிறது என்பதற்கு சாட்சி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில்கூட முகவரிக்கு அத்தாட்சியாக அதை ஏற்றுக்கொள்கிறார்கள். மாமியாரின் பாஸ்போர்ட்டே அப்படித்தான் வந்தது.

எனவே அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. "இந்த ஊர்ல காஸுக்கு என்னென்ன பேப்பர் கேப்பா?"

"ஒண்ணும் கேக்க மாட்டாம்மா. கடையில பணத்தைக் குடுத்தாக் குடுத்துடுவா" என்றார் மருமகள்.

மாமியார் நம்பவில்லை.

முதல் முயற்சி சின்னதாக இருந்தது. ஆசியக் கடைகளில் பெட்டியோடு விற்கும் கையடக்க அடுப்பு. வாசனைத் தெளிப்பான் டப்பா போன்ற 227 கிராம் காஸ் குப்பியை அதன் பக்கவாட்டில் செருக வேண்டும். அக்டோபர் கடைசி, காலை ஏழு மணி, பால்கனியில் மூன்று டிகிரி குளிர். அடுப்பு நன்றாகத்தான் பற்றியது. பத்து நிமிடத்தில் தீ நீலமாகச் சுருங்கி, எண்ணெய் காய்வதற்குள் படுத்துவிட்டது. குப்பியைக் குலுக்கினால் உள்ளே காஸ் தளும்புகிறது. வெளியேதான் வரவில்லை.

இதில் மர்மம் எதுவும் கிடையாது. குப்பியில் இருப்பது பியூட்டேன். அது சுமார் பூஜ்ய டிகிரியில்தான் கொதிக்கும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் போலக் கிடக்கும். ஆவியாகும்போது அது தன்னையே குளிர்வித்துக்கொள்ளும் என்பதால் மூன்று டிகிரியிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. நம் ஊர் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த காஸ். மும்பைக்கும் சென்னைக்கும் அது தாராளம். மலைப் பகுதிகளில் குளிர்காலத்தில் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிற்கவைக்கும் வழக்கம் இதனால்தான். புரோப்பேனுக்குக் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. ஜெர்மானியர்கள் வெளியில் பயன்படுத்தும் சிலிண்டர்களில் பெரும்பாலும் அதை அடைப்பதற்குக் காரணம் அவர்களுடைய ஜனவரி மாதம்.

ஆக, புரோப்பேன் சிலிண்டர். அது கிடைப்பது பெட்ரோல் பங்குகளிலும், ஊருக்கு வெளியே கட்டடச் சாமான் விற்கும் பிரம்மாண்டமான கடைகளிலும். மரப்பலகை, ஆணி, பூந்தொட்டி, கழிப்பறைப் பீங்கான் எல்லாம் விற்கும் அந்தக் கடையின் வாசலில், கம்பிக் கூண்டுக்குள் சிலிண்டர்கள் நிற்கும். ஐந்து கிலோ, பதினொரு கிலோ என்று இரண்டு அளவு. சாம்பல் நிறம், சிவப்பு நிறம் என்று இரண்டு ஜாதி.

இந்தியக் கண்ணுக்குச் சிவப்புதான் சொந்தமாகத் தெரியும். அங்கேதான் சிக்கல். சிவப்பு சிலிண்டர் கம்பெனியின் சொத்து. டெபாசிட் கட்டி எடுத்து வர வேண்டும். திருப்பித் தரும்போது அதே கம்பெனியின் முகவரைத் தேடி, டெபாசிட் ரசீதோடு போக வேண்டும். ரசீது தொலைந்தால் பணமும் தொலைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பல் சிலிண்டரை ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிடுவது. காலியானதும் எந்தக் கடையில் வேண்டுமானாலும் நிறைந்ததை மாற்றிக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய பரிசோதனையும் மாற்றித் தருபவர் பொறுப்பு. நீண்ட நாள் இருப்பவர்களுக்குச் சாம்பல்தான் லாபம். ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் ஜெர்மன் எல்லை வரைதான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் வந்துவிடும். அங்கே அந்த சிலிண்டரை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். மூடித் திருகும் வேறு, டெபாசிட் முறையும் வேறு. ஒரே நாணயத்தைக் கொண்டுவந்த ஐரோப்பாவால் ஒரே சிலிண்டரைக் கொண்டுவர முடியவில்லை.

கணவர் சாம்பல் நிறத்தில் ஐந்து கிலோ வாங்கினார். கடைக்காரப் பெண் பெயர்கூடக் கேட்கவில்லை. நண்பரின் காரில் நிறுத்திவைத்து, பெல்ட் போட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமியாருக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு. "என்னடி இது, பால் கேன் மாதிரி இருக்கு!" 14.2 கிலோ சிலிண்டரோடு வாழ்ந்தவருக்கு அது பொம்மைதான்.

நம் ஊரிலிருந்து கொண்டுபோன இரட்டை அடுப்பை அதில் பொருத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யக் கூடாத காரியம். நம் ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார் அழுத்தம். ஜெர்மனியில் வெளியே சமைக்கும் சாதனங்கள் 50 மில்லிபாருக்குச் செய்யப்பட்டவை. அந்த அழுத்தத்தை நம் அடுப்பின் துளைகளுக்குக் கொடுத்தால் தீ பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு மேலேறும். தலைகீழாகச் செய்தாலும் ஆபத்து உண்டு. போதாததற்கு அங்கே சிலிண்டர் மூடி இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். வழக்கம்போல வலப்பக்கம் திருகி, இறுகவில்லை என்று ஸ்பானர் எடுப்பவர்கள் உண்டு. கையால் இறுக்கினாலே போதும். பிறகு சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது மட்டும் மாட்டுங்காவிலும் ஸ்டுட்கார்ட்டிலும் ஒன்றே.

அடுப்புக்கு அங்கேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. முக்காலி போல உயரக் குறைவான இரும்புச் சட்டம், நடுவில் ஒரே பெரிய பர்னர். தோட்ட விருந்துகளில் சூப் அண்டா வைப்பதற்கானது. நம் கல்யாணச் சமையல்காரர்களுக்குக் கண்டவுடன் பிடித்துப்போகும். வீட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. கராஜுக்குள் வைத்துச் சமைக்கிற சாமர்த்தியசாலிகள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிப்பது நல்லது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு பால்கனியில் நெருப்பு வந்தது. உண்மையான, கண்ணால் பார்க்க முடிகிற, திருகினால் அடங்குகிற நெருப்பு. மாமியார் ஸ்வெட்டர் மேல் கோட்டும் அதன் மேல் சால்வையும் போட்டுக்கொண்டு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து முள்ளு முறுக்குப் பிழிந்தார். மருமகள் திருப்பிப்போட்டார். சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, மெல்லிய பனி படிந்தது. பையன் அதில் விரலால் பெயர் எழுதினான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஜன்னலைச் சாத்தச் சொல்லாமல் ஒரு சமையல் நடந்தது.

மறுநாள் புளிக்காய்ச்சல். கட்டிப் பெருங்காயம் டப்பாக்களிலிருந்து வெளியே வந்தது. நல்லெண்ணெயில் பொரிந்தது. கால் மணி நேரத்தில் தெருமுனையில் சைரன் கேட்டது.

இரண்டாவது மாடிப் பெண்மணிதான் கூப்பிட்டிருந்தார். அவர் மேல் குற்றம் சொல்வது கடினம். புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே கந்தகம் கலந்த மெர்காப்டன் போன்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். 1937ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் வாசனையற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து, குழந்தைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் இறந்துபோனார்கள். காஸில் நாற்றம் சேர்க்கும் சட்டங்கள் அதன் பிறகுதான் வேகம் பிடித்தன. பெருங்காயத்தின் மணத்துக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். ஜெர்மன் மொழியில் அதற்கு 'பிசாசின் மலம்' என்று பொருள்படும் பெயர். மாடியில் ஒரு காஸ் சிலிண்டரைக் கண்ணால் பார்த்து, கந்தக நாற்றத்தையும் மூக்கால் பிடித்த ஒருவர் 112க்கு போன் செய்யாமல் இருந்தால்தான் தவறு.

தீயணைப்பு வீரர்கள் அளக்கும் கருவியை பால்கனி முழுக்கக் காட்டினார்கள். ஒன்றும் இல்லை. ஒருவர் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டுச் சட்டென மூடினார். சிலிண்டரை நிலவறையில் மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது முக்கியமான எச்சரிக்கை. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடு ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நிலவறைப் பங்கு உண்டு. சாமான்களைப் போட்டுவைக்க வசதி. காஸ் காற்றைவிட கனம் என்பதால் கசிந்தால் அங்கேயே தேங்கிவிடும்.

நான்கு நாள் கழித்து, வீட்டை நிர்வகிக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம். பால்கனியில் 'கிரில்' செய்வதாகப் புகார் வந்திருக்கிறது, மறுபடி நடந்தால் ஒப்பந்தப்படி மேல் நடவடிக்கை என்று இரண்டே பத்தி. மருமகள் அன்றிரவு தூங்கவில்லை. பதினோரு 'மன்னிக்கவும்' நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. கறி வாசனை என்று சொல்லி வீட்டையே மறுத்த கதைகள் ஐரோப்பாவில் கற்பனையல்ல. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஏராளமான வீடுகள் வைத்திருந்த ஒருவர், சமையல் வாசனையைக் காரணம் காட்டி இந்தியர்களுக்கும் பாகிஸ்தானியர்களுக்கும் வாடகைக்குத் தராதே என்று முகவருக்கு உத்தரவிட, அது சட்ட விரோதம் என்று 2017ல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கணவர் பொறியாளர் புத்தியோடு சட்டத்தைத் தேடினார். ஜெர்மனி இந்த விஷயத்தில் ஒரு பொக்கிஷம். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை முறை இறைச்சி சுடலாம் என்பதற்கு அங்கே தேசம் முழுவதற்குமான சட்டம் கிடையாது. ஆனால் தீர்ப்புகள் இருக்கின்றன. 1996ல் அதே ஸ்டுட்கார்ட் நீதிமன்றம், வருடத்துக்கு மூன்று முறை, தலா இரண்டு மணி நேரம் என்றது. 1997ல் பான் நகர நீதிமன்றம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு முறை, 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டு என்றது. 1999ல் பவேரிய மேல்நீதிமன்றம் ஒரு வழக்கில், தோட்டத்தின் கோடியில் 25 மீட்டர் தள்ளி, வருடத்துக்கு ஐந்து முறை என்று அளந்து கொடுத்தது. 2002ல் எஸ்ஸன் நீதிமன்றம், வாடகை ஒப்பந்தத்தில் அடியோடு தடை போடலாம் என்றது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்றால் தீபாவளிக்கு வாய்ப்பே இல்லை. முறுக்குப் பிழிவது 'கிரில்' ஆகுமா என்பதற்கு எந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை. அவர்களுடைய ஒப்பந்தத்தில் கரி அடுப்புக்குத்தான் தடை. காஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாதாடியிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஜெயித்த பிறகும் அதே மாடிப்படியில்தான் ஏறி இறங்க வேண்டும்.

மருமகள் வேறு வழியில் போனார். ஒரு சனிக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு இரண்டாவது மாடிக் கதவைத் தட்டினார். அவருக்கு ஜெர்மன் தெரியும், ஆனால் அந்தப் பகுதியின் ஸ்வாபியப் பேச்சு பையனுக்குத்தான் வரும். அந்தப் பெண்மணி தனியாக இருப்பவர். மாடிப்படி துடைக்கும் முறை யாருடையது என்று பலகை மாட்டி, வாரம் தவறாமல் நிறைவேற்றும் ஊர்க்காரர். அரை மணி நேரம் பேசியதில் விஷயம் வெளியே வந்தது. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வருத்தம், அன்று அவர் பால்கனியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார். நான்கையும் மறுபடி துவைத்திருக்கிறார்.

படுக்கை விரிப்பு என்றதும் மருமகளுக்குப் பாதி பாரம் இறங்கியது. அது மாட்டுங்காவிலும் புரிகிற சண்டை. மேல்வீட்டுக்காரர் வத்தல் மிளகாய் வறுத்ததற்காகக் கீழ்வீட்டு மாமி மூன்று மாதம் பேசாமல் இருந்ததை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் அங்கே யாரும் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதவில்லை. வீட்டைவிட்டுப் போகச் சொல்வார்களோ என்று யாரும் இரவில் விழித்திருக்கவும் இல்லை. வித்தியாசம் அதுதான்.

முடிவில் ஓர் உடன்பாடு. இரண்டு நாள் முன்னதாகக் கடிதப்பெட்டியில் சீட்டு போட வேண்டும். திங்கள்கிழமை கூடாது, அது துவைக்கும் நாள். மாலை ஆறு மணிக்குள் அடுப்பு அணைய வேண்டும். 'அந்த மஞ்சள் டப்பா' வெளியே வரக் கூடாது என்றும் அவர் கேட்டார். மருமகள் அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வருவதை முன்கூட்டியே எழுதுவதாகச் சொன்னார். பெண்மணி சற்று யோசித்துத் தலையசைத்தார். நிர்வாக அலுவலகத்துக்கு அவரே ஒரு வரி எழுதிப்போட்டதாகப் பிறகு தெரிந்தது.

இது நட்பாக மலர்ந்தது என்று எழுத ஆசைதான். மலரவில்லை. முறுக்கும் மைசூர்ப்பாகும் வைத்து அனுப்பிய தட்டு, கழுவித் துடைக்கப்பட்டு ஒரு நன்றி அட்டையோடு திரும்பி வந்தது. ருசியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மறு வருடம் மாமியார் வரவில்லை என்றபோது, "உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

வருடத்துக்கு ஆறேழு முறை பால்கனி அடுப்பு எரிந்தது. பையன் கோட்டைப் பூட்டுவதை நிறுத்தினான். அதற்கு அடுப்புதான் காரணமா, அவனுக்கு வயது கூடியதா என்று சொல்வதற்கில்லை.

நான்காம் வருடம் கணவருக்கு புனேவுக்கு மாற்றலானது. கப்பலில் போகும் வீட்டுச் சாமான்களோடு காஸ் சிலிண்டரை அனுப்ப முடியாது. விமானம் பற்றிப் பேச்சே இல்லை. ஹைதராபாத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தம்பதிக்கு மருமகள் அடுப்பையும் சிலிண்டரையும் காசு வாங்காமல் கொடுத்தார். அதே வீட்டுக்குத்தான் அவர்கள் குடிவருகிறார்கள். ரெகுலேட்டரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டைச் செருகிவைத்தார்: இடப்பக்கம் திருகவும். சோப்பு நீர். நிலவறையில் வைக்காதீர்கள். சிலிண்டரில் பாதி மிச்சம் இருக்கிறது. இரண்டாவது மாடிக்கு இரண்டு நாள் முன்பே சொல்லவும். திங்கள்கிழமை வேண்டாம்.